அருளப்பு அண்ணை தட்டச்சிட்ட ஒரு சொல்

நானாட்டான் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றபோது அருளப்பு அண்ணையின் மகள் அழைத்தாள். "அப்பா போயிட்டார், அண்ணா. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும்." ஓம் என்றேன். இந்த மலர்களில் செத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். எனக்கு அப்படி எழுத வராது.

மன்னாரில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் ஐந்து வருடம் மொழிபெயர்த்தோம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனங்களின் காணி மனுக்களை அவர் ஒரு தேத்தண்ணிக்கு எழுதிக் கொடுப்பார். அதை யாரும் மறக்கக்கூடாது.

ஒருநாள் ஒரு வழக்கில் 'ஹூலிகன்' என்ற சொல் வந்தது. காலித்தனம் செய்பவன் என்று எழுதினேன்.

"பொறடா," என்றார். "அது ஒரு வீட்டுப் பேர். அயர்லாந்திலயிருந்து லண்டனுக்குப் போன ஏழைச் சனம். பேப்பர்காரர் எழுத எழுத, றோட்டில கத்துற எல்லாருக்கும் அந்தப் பேர் ஒட்டிட்டுது. அப்பிடித்தான் கதை. சத்தியம் பண்ணேலாது."

"அந்த வீட்டுப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில பேர் சொல்லேக்க?"

"நீ அதைத்தான் கேப்பாய்!" என்று சிரித்தார்.

அடுத்த வருடம் எங்கள் ஊரான கீரியில் மணல் லொறிகளை மறித்துப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வீதியில் இருந்தார்கள். என் அக்காவும் இருந்தாள். லொறிக்காரரின் முறைப்பாடு எங்கள் மேசைக்குத்தான் வந்தது. நான் அன்று லீவு. தமிழில் 'கீரிப் பெண்கள்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'ஹூலிகன்கள்'. கீழே அருளப்பு அண்ணையின் கையொப்பம்.

"ஏன் அண்ணை?"

"இங்கிலீசில கொஞ்சம் பாரமாக் கிடக்கட்டும் எண்டு கேட்டவங்கள்."

"நீங்கள்தானே அந்தக் கதையைச் சொன்னனீங்கள்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தத் தாளைக் காட்டித்தான் அக்காவை முன்பள்ளி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அருளப்பு அண்ணை கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தால் மட்டும், கோவிலைத் தாண்டுவதுபோல, சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போவார். அக்கா அதை உள்ளேயிருந்து பார்ப்பாள்.

மலரைப் பற்றிச் சொன்னேன். "எழுது," என்றாள் அக்கா. "சைக்கிளால இறங்கினதையும் எழுது. ஏன் இறங்கினவர் எண்டதையும் எழுது."

எழுதிவிட்டேன். அச்சிடுவதும் விடுவதும் மகளின் விருப்பம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். ஒருவரை இழிவாகச் சொல்லும் சொல்லை மொழிபெயர்க்கும்போது கை நிற்கிறது. இது யார் வீட்டுப் பேர் என்று கேட்கிறேன். நீங்கள் அன்று கேட்டிருந்தால் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பேர், அண்ணை.