சடையாண்டி நீட்டிய துரும்பு

ஈரச் சாக்கை உதறிப் பூ மூட்டைகளின் மேல் போர்த்திக்கொண்டே சடையாண்டி அண்ணன் யாரையாவது வைதுகொண்டிருப்பார். "ஏலே அப்பு, பூவு மேல சாயாத. அதுதான் கல்யாணத்துக்குப் போகுது, நீ இல்ல." கன்னிவாடித் தோட்டங்களின் மல்லிகையைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவருடைய குட்டியானை வண்டிதான். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடும் நானும் அதில்தான் டவுனுக்குப் போகிறேன்.

அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். ஹாரன் அடிக்கமாட்டார், ஜன்னலில் தலையை நீட்டி "ஓய்" என்று கத்தியே வழி வாங்குவார். கேட்டால், "இம்புட்டு நல்ல தொண்டை இருக்கையில அது எதுக்கு?" என்பார்.

மணிமேகலை அக்கா பூப்பறிக்கும் தோட்டத்தில் மட்டும் அந்தத் தொண்டை அடங்கிவிடும். அக்கா அவருக்கு மனைவியாக இருந்தவர். மாமனார் இறந்த அன்று அண்ணன் போனை அணைத்துவிட்டுக் கேரளாவுக்கு ஓணப் பூ லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். "பூ காத்திருக்காதுப்பா. அவ காத்திருப்பான்னு நெனச்சுப்புட்டேன்."

சண்டை ஊர்க்கூட்டம் வரை போனது. அவர்கள் வழக்கப்படி புருஷன் ஒரு துரும்பை நீட்டி, மனைவி அதை வாங்கிக்கொண்டால் உறவு முடிந்தது. அக்கா வாங்கமாட்டார் என்று நம்பி இவர் நீட்டினார். இவர் நீட்டவே மாட்டார் என்று நம்பி வந்த அக்கா, நீட்டியதும் வாங்கிக்கொண்டார். "செத்த நேரம் பொறுத்திருக்கலாம்" என்று இப்போதும் அண்ணன் முணுமுணுத்துக் கியரை மாற்றுவார். போய்க் கூப்பிட்டால் அக்கா வந்துவிடுவார் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். இவர் கூப்பிடவில்லை. மற்ற பெண்களைப் போல அக்காவும் அவரை "டிரைவரண்ணே" என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்.

நேற்று மூட்டையைக் கொடுக்கும்போது அக்கா சொன்னார்: "நாளைலருந்து வரமாட்டேண்ணே. ஒட்டன்சத்திரத்துல எடம் பேசியாச்சு. வெள்ளிக்கெழம கல்யாணம்."

பக்கத்தில் நின்ற கருப்பாயி அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏதாச்சும் சொல்லுய்யா! ரோட்டுல போறவனுக்கெல்லாம் வாய் கிழியுதுல்ல?"

அக்கா உடனே போகவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். அண்ணன் மூட்டையின் கட்டை அவிழ்த்து மறுபடியும் இறுக்கினார்.

"எத்தன கிலோ?" என்றார்.

"எட்டு." கொஞ்சம் பொறுத்து, "வாரேண்ணே."

அக்கா வந்த பாதையிலேயே திரும்பி நடந்தார். அண்ணன் ஏறி வண்டியைக் கிளப்பினார். பக்கத்துக் கண்ணாடியில் அக்காவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அண்ணன் ஜன்னல் வழியே கையை விட்டு அந்தக் கண்ணாடியை உள்பக்கமாக மடக்கினார்.