ஆடிக்கு முன்னால் மூடிய இறக்கை

"…உள்ள பாத்துப் பாத்துத் தைச்சவ நானு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க போடுங்க சயா, கையெழுத்தை!" என்றாள் என் மனைவி.

சயா பேனாவைத் திறக்கவே இல்லை. அவர் ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர், பர்மியர். இங்கே பர்மாவில் வாத்தியாரை மட்டுமல்ல, விஷயம் தெரிந்த யாரையும் சயா என்றுதான் கூப்பிடுவோம். க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், மரத்தாங்கிகளின் மேல் படுத்திருந்த இறக்கையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மேளம்போல் அதிர்ந்தது.

"சத்தம் நல்லா இருக்கு," என்றார் பர்மிய மொழியில். "உள்ளதான் தெரியல."

படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடக் கழற்றிப் போட்டுப் படித்ததுதான் அதிகம். ஓர் அரிசிக் கிடங்கைக் காலி செய்தபோது, மூலையில் கிடந்த இரண்டு பேர் உட்காரும் பழைய விமானத்தை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். வண்டியில் அது வந்து இறங்கியதைப் பார்த்து, "கப்பல் வாங்கிட்டு வந்திருந்தாக்கூட ஆத்துல விட்டிருக்கலாம். இதை எங்க விடுறது?" என்றாள் மனைவி. அவள் தாய் பர்மாக்காரி, தகப்பன் தமிழர். இரண்டு மொழியிலும் வாய் ஒன்றுபோல ஓடும்.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு விதி உண்டென்பதே சயா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு விதியை அவர் எடுத்துப் படித்துச் சொன்னார். பழையதைத் துடைத்துச் சாயம் அடித்தால் அது கம்பெனி செய்த விமானம்தான். கம்பெனியின் காகிதம் இல்லாமல் பறக்காது. பாதிக்கு மேல் நம் கையால், கூலிக்கு ஆள் வைக்காமல், ஆசைக்காகச் செய்திருந்தால்தான் சொந்தமாகக் கட்டியது என்று ஒத்துக்கொள்வார்கள். எங்கள் விமானத்தின் மரத்தில் முக்கால்வாசியைக் கரையான் தின்றிருந்தது. "அப்ப கரையானுக்கு ஒரு தேங்கா ஒடைங்க. அதுதானே உங்களுக்கு வேலை வச்சிருக்கு," என்றாள் அவள்.

இன்னொன்றையும் சயா அழுத்திச் சொல்லியிருந்தார். வேலை நடக்க நடக்கப் படம் எடுத்து வைக்க வேண்டும். இறக்கையைத் துணி போட்டு மூடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட வேண்டும். 'உள்ளே பார்த்தேன்' என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் பறக்க அனுமதி கேட்டு மேலே எழுதவே முடியும்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த வாசனைதான் முதலில் வருகிறது. துணியை இறுக்குவதற்கு அதன்மேல் பூசும் டோப் என்கிற பசைக்கு நகப்பூச்சின் நெடி. காலையில் தெருமுனையிலிருந்து மொஹிங்கா மீன்குழம்பு வாசனையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இறக்கைக்கு அடியில் பாய் விரித்துத்தான் சாப்பிட்டோம். அதன் நுனி கதவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழை விட்ட நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி அதில் ஈர லுங்கியைக் காயப்போட்டுவிடுவாள். திட்டினால், "பறக்கிறப்ப எடுத்துக்கிறேன்," என்பாள். மதியத்தில் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து, லத்தா கடைத்தெருவில் வாங்கிய நூலுக்கு மெழுகு தடவிக் கொடுக்க, தையற்காரியான என் மனைவி இறக்கைத் துணியில் நீள ஊசியை மேலிருந்து கீழாகக் குத்தி வாங்குவாள். அத்தனை பேச்சும் சிரிப்பும் அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்கு வரவில்லை.

துணி பாங்காக்கிலிருந்து ஓர் உறவுக்காரர் கையோடு வந்தது. அது வந்து சேர்ந்தபோது ஆனி முடியப் போகிற நேரம். சயாவோ மாந்தலேயில் மகள் வீட்டில் இருந்தார். நான் காத்திருக்கலாம் என்றேன்.

"ஆடி பொறந்துட்டா பூசாரி நாள் குறிச்சுக் குடுப்பாரா? நல்ல காரியத்தை யாராச்சும் ஆடியில தொடங்குவாங்களா? சயா வந்து வெளியில பாத்துக்கட்டும்," என்றாள். பூசாரியும் நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். கற்பூரம் காட்டி, மாலை போட்டு, மூடிவிட்டோம்.

இப்போது சயா கை நீட்டினார். "சரி, படத்தைக் காட்டு."

என் கைபேசியைக் கொடுத்தேன். படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். தேங்காய் உடைக்கும் பூசாரி. சந்தனம் வைத்த இறக்கை. வரிசையாக நின்று சிரிக்கும் பெண்கள். ஒரு படத்தில் நிறுத்தி இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"இந்தம்மா காதுக்குப் பின்னால ஒரு கட்டை தெரியுது. தோடுதான் தெளிவா இருக்கு."

மனைவி விடவில்லை.

"நான் பாத்தேன்னு சொல்றேனே சயா."

"நல்லது, அமா." அமா என்றால் அக்கா, அவர் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். "கட்டையும் கட்டையும் சேர்ற இடத்துல பசை வெளிய பிதுங்கி நிக்கும். நின்னா நல்லா ஒட்டியிருக்குன்னு அர்த்தம். எல்லா இடத்துலயும் நின்னுச்சா?"

"நின்னுச்சு… நான் பாத்த வரைக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் எல்லா இடமும் நினைவில்லை. அடைமழையில் ஒட்டிய இடங்கள் அவை.

"முதல்ல ஏறி ஓட்டப்போறவன் என் சிநேகிதன். அவன் பொண்டாட்டிகிட்ட, 'பாத்த வரைக்கும்'னு நான் சொல்ல முடியாது." பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. "பரவாயில்ல. நல்ல தையல். இப்படியே கூடத்துல வச்சுக்குங்க. வர்றவங்களுக்குக் காட்டலாம்."

வேறு துணி கையில் இல்லை. பாங்காக்கிலிருந்து இன்னொரு முறை வர எத்தனை மாதம் ஆகுமோ. சயாவைக் கொஞ்சிக் கேட்டால் இறங்கி வருவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. "சயா, ஒரு ஓரத்துல மட்டும் சின்னதா…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் மனைவி என்னிடம்.

தையல் மெஷின் பக்கம் போய்ப் பெரிய கத்தரியை எடுத்து வந்தாள். கட்டியிருந்த தமெய்ன் லுங்கியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இறக்கையின் அடிப்பக்கம் கத்தரி முனையை ஒரு குத்துக் குத்தி, நுனிவரை சர்ரென்று கிழித்துக்கொண்டே போனாள்.