இரண்டு திரைக்கு ஒரு வாய்

அந்த லேப்டாப்பை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. போகப் போகப் பிடித்துவிட்டது என்று சொல்வேன் என யாராவது எதிர்பார்த்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்றைக்கும் பிடிக்காது. அதை வாங்கி வந்தவரையும் பிடிக்காது.

தி.நகரில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை செய்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் நடத்தும் கடை. பெரிய முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் மகன் சின்னவர். வெளியூரில் மேனேஜ்மெண்ட் படித்துவிட்டு வந்தவர், என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர், என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவார். கதவைச் சாத்து என்று சொல்லும்போதும் அக்காதான், டீ சொல்லு என்று சொல்லும்போதும் அக்காதான்.

கொரோனாவுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வீடியோ காலில் சேலை வாங்கப் பழகிவிட்டார்கள். அதற்காக மூன்றாவது மாடியில் ஒரு மூலையைத் தடுத்து, ஒரு மேஜை, இரண்டு பெரிய விளக்கு, ஒரு டேப்லெட் வைத்து என்னை உட்கார வைத்தார்கள். அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. சேலையை விரித்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். திரையில் இருக்கும் முகத்தையே பார்ப்பேன். வாய் ‘பச்சை நல்லாருக்கு’ என்று சொல்லும். கண் பக்கத்தில் கிடக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கே போகும். அந்தக் கத்தரிப்பூவை இன்னொரு தரம் தூக்கிக் காட்டினால் போதும்.

பிறகு சின்னவர் அந்த மெஷினைக் கொண்டுவந்தார். கீபோர்டு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு திரை. மேலே ஒன்று, கீழே ஒன்று. கீபோர்டு தனியாகக் கழன்று கையில் வந்தது.

“பாருங்கக்கா, மேல ஒரு கஸ்டமர், கீழ ஒரு கஸ்டமர். ஒருத்தவங்க யோசிக்கிற நேரத்துல நீங்க சும்மாத்தானே நிக்கிறீங்க? அந்த நேரத்துல இன்னொருத்தவங்களுக்குக் காட்டிடலாம்.”

“நான் சும்மா நிக்கல சார். அவங்க முகத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

“அதான் ரெண்டு ஸ்க்ரீன் இருக்கே. ரெண்டு முகத்தையும் பாருங்க.”

பார்த்தேன். கழுத்துதான் போயிற்று. கேமரா மேல் திரையின் தலையில் இருந்தது. அதனால் கீழ்த் திரையில் இருப்பவருக்கு, நான் எப்போதும் குனிந்து வேறு எதையோ பார்ப்பது போலவே தெரியும். “எங்கம்மா பாக்குறீங்க? நான் இங்க இருக்கேன்” என்று கேட்காத ஆள் இல்லை. ஒருவரோடு பேசும்போது மற்றவருக்கு மைக்கை அடைத்து வைக்க வேண்டும். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தால் அடைந்துவிட்டது என்று அர்த்தம். மேலே அடை, கீழே திற, கீழே அடை, மேலே திற. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் பிள்ளையிடம் பேசும்போதே கை மேஜையில் எதையோ தட்டப் போகும்.

முடியவில்லை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று சின்னவரிடம் சொன்னேன். அவர் உதவிக்கு நிற்கும் பெண்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

“உங்க அம்மா மீன் விக்கிறவங்கதானேக்கா? மீன் மார்க்கெட்ல ஒரே நேரத்துல பத்து பேர்கிட்ட கத்துவாங்கள்ல. உங்களுக்கு இது தானா வரணுமே.”

என் அம்மா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றவர்தான். அதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. ஆனால் சின்னவர் வாயிலிருந்து அது வந்த விதத்தில் உச்சந்தலை வரை சூடேறியது. “கத்துறது வேற, பேசுறது வேற சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பினேன். உதவிப் பெண்கள் சேலையை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

அது நடந்தது ஒரு முகூர்த்த மாதத்தில், காலை வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். மேல் திரையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு, எடுத்து வைத்த சேலைகளில் எது முகூர்த்தத்துக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மைக்கை அடைத்துவிட்டுக் கீழே வந்த அழைப்பை எடுத்தேன்.

லண்டன் பக்கம் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். அங்கே இன்னும் விடியவில்லை போல. பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது. ஸ்வெட்டர் போட்டு, தலை வாராமல், சமையல் மேடை ஓரம் நின்றிருந்தார்.

“அம்மா காலைல போயிட்டாங்க,” என்றார். “மந்தைவெளில. சாயங்காலம் எடுக்குறாங்க. என்னால அதுக்குள்ள வந்து சேர முடியாது. என் சார்பா ஒரு சேலை போத்தணும். அனுப்புவீங்களா?”

“அனுப்புறோம்மா. மத்தியானத்துக்குள்ள வீட்டுல இருக்கும். நீங்க மொதல்ல உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “அரக்கு கலர் காட்டுங்க. அவங்களுக்கு அரக்குதான். ஜரிகை முரடா இருக்கக் கூடாது. உறுத்துதுன்னு சொல்லுவாங்க.”

உறுத்துகிறது என்று சொல்ல இனி ஆள் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இரண்டு அரக்குச் சேலைகளை விரித்தேன். மெல்லிய கரை போட்டதை அவர் விரலால் காட்டினார். வீட்டு முகவரியை அனுப்பினார். உள்பக்கம் இழை எங்காவது பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் இருக்கும் ரேக்கின் பக்கம், வெளிச்சத்துக்குத் திரும்பினேன். பேசிக்கொண்டிருந்த அழைப்பு என்பதால் கீழே மைக் திறந்தே இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்னவர் வந்தார். மேல் திரையில் கல்யாணப் பெண்ணின் அம்மா ஒரு பழைய பட்டுச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லையே என்று சின்னவருக்குப் பொறுக்கவில்லை. எந்த மைக் திறந்திருக்கிறது என்று பார்க்காமல் மேஜை மேல் சாய்ந்து, மேலே பார்த்து, வாய் கொள்ளாத சிரிப்போடு ஆரம்பித்தார்.

“மேடம், சூப்பர்! உங்களத்தான் கல்யாணப் பொண்ணுன்னு நெனைக்கப் போறாங்க! இன்னிக்கே மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துடலாமா?”

உதவிப் பெண்கள் சிரித்தார்கள். முதலாளி ஜோக் சொன்னால் சிரிப்பதும் அவர்கள் வேலை. சிங்கப்பூருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எல்லாம் லண்டனுக்குப் போயிற்று. கேமரா மேலே இருந்ததால் அவர் நேராக அந்தப் பெண்மணியின் கண்ணைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்திருக்கும். பின்னால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான் பதறித் திரும்பும்போது அந்தப் பெண்மணியின் முகம் திரையில் இருந்தது. அழவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு கீழ்த் திரை கருப்பாகிவிட்டது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன், வெட்டிவிட்டார்.

என்ன நடந்தது என்று சின்னவரிடம் சொன்னேன். “அய்யய்யோ” என்றார். அந்த அய்யய்யோ அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. “சரி, டெலிவரி ஆள்கிட்ட குடுத்து அனுப்பிடுங்க. சிங்கப்பூர் வெயிட் பண்றாங்க பாருங்க.”

மேல் திரையைப் பிடித்து, உள்ளே கல்யாண வீடு பேசிக்கொண்டிருக்கும்போதே, லேப்டாப்பை மடக்கி மூடினேன். சேலையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆட்டோக்காரர் பையைக் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா மேடம், கல்யாணமா? பட்டுப் பொடவ கட பையா கீது.”

“சாவு வீடு. கொஞ்சம் சீக்கிரம் போங்க.”

ஆழ்வார்ப்பேட்டை சிக்னலில் அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். சேலையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்மணியிடம் போனில் இரண்டு வார்த்தை விளக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அடுக்குமாடி வீட்டின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஊதுபத்தி. பெட்டியின் தலைமாட்டில் ஒரு நாற்காலியில் செல்போனை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதில் அந்தப் பெண்மணி. அதே ஸ்வெட்டர். ஜன்னல் இப்போது வெளுத்திருந்தது.

செருப்பை விட்டுவிட்டுப் போய், வேட்டியும் துண்டுமாக நின்ற அவருடைய அண்ணனிடம் பையை நீட்டினேன். கடைப் பெயரைச் சொன்னேன். போனிலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, அதத் தொடாத.”

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“அம்மா செத்துட்டாங்கன்னு அவங்ககிட்ட சொல்றேன். மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டுச் சிரிக்கிறாங்கண்ணா. எல்லாரும் சேந்து சிரிக்கிறாங்க. அந்தக் கடை சேலை அம்மா மேல படக் கூடாது.”

நான் போனுக்கு முன்னால் குனிந்தேன். “அம்மா, சத்தியமா அது உங்களச் சொன்னதில்ல. பக்கத்து ஸ்க்ரீன்ல ஒரு கல்யாண வீட்டுக்காரங்க இருந்தாங்க. அவங்களுக்குச் சொன்னது...”

“பக்கத்து ஸ்க்ரீனா?” அவர் குரல் இறங்கியது. “நான் அம்மாவப் பத்திப் பேசிட்டு இருக்கும்போது நீங்க இன்னொருத்தங்களுக்கு வித்துட்டு இருந்தீங்களா?”

ஆமாம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? அவருடைய அண்ணன் என் தோளருகே கையை நீட்டி, தொடாமல், வழியைக் காட்டினார். கேட் வரை கூடவே வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இப்ப நீங்க கெளம்புங்க.”

மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பை கையிலேயே இருந்தது. நான் நினைத்தது போல அழுகை வரவில்லை. வந்தது வேறு.

மூன்றாவது மாடியில் காலை வைத்ததும் சின்னவர் ஆரம்பித்தார். “என்னக்கா இது? நீங்க பாட்டுக்கு மூடி வெச்சிட்டுப் போயிட்டீங்க. சிங்கப்பூர் பார்ட்டி கட் ஆகி, வேற கடைக்குப் போயிட்டாங்க!”

கடைக்கு வந்த நாளிலிருந்து நான் கடைப் பேச்சுதான் பேசியிருக்கிறேன். வாங்க மேடம், பாருங்க சார். அன்றைக்கு அது வாயில் நிற்கவில்லை.

“இன்னா நெனச்சிக்கினு கீற நீ? அம்மா செத்துட்ச்சின்னு சொல்லிக்கினு இருந்த பொம்பளையாண்ட போய் மாப்பிள்ளைய இட்டுக்கினு வர்ட்டான்னு கேக்குற. போன் போடு. பேசுனது நான்தான், தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்.”

சேலை பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள்கூடத் திரும்பினார்கள். சின்னவர் முகம் சிவந்தது.

“நான் எதுக்கு சொல்லணும்? மைக்க ஆஃப் பண்ணாம விட்டது நீங்க.”

“பேசிக்கினு இருக்கறவ மைக்க எதுக்கு ஆஃப் பண்ணுவா?”

சத்தம் கேட்டு அண்ணாச்சி மேலே வந்தார். இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “மெஷின் புதுசுல்லா. அவன் இப்பந்தான் படிச்சுக்கிடுதான். விட்டுரும்மா. சேலைய ரேக்ல வையி.”

“நீங்களாவது அந்த வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க அண்ணாச்சி.”

“துக்க வீட்டுக்குப் போன் போட்டு யாவாரம் பேசச் சொல்லுதியா?”

“யாவாரம் இல்ல அண்ணாச்சி. மன்னிப்பு.”

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அந்த ஒரு மனிதர் மேல் எனக்கிருந்த மரியாதையும் அவர் பின்னாலேயே இறங்கிப் போயிற்று.

அந்த மெஷின் முன்னால் இனி உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. கீழே, தரைக்கு அடியில் இருக்கும் பாவாடை, பிளவுஸ் துணிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பட்டு விற்ற கையில் உள்பாவாடையைக் கொடுத்தால் நானே போய்விடுவேன் என்று கணக்கு. போகவில்லை. நான் ஏன் போக வேண்டும்?

அந்தப் பெண்மணிக்கு என் சொந்த நம்பரிலிருந்து பேசிப் பதிவு செய்து ஒரு செய்தி அனுப்பினேன். சாக்கு எதுவும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது சரிதான், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தேன், அம்மாவுக்காக வருத்தப்படுகிறேன் என்றேன். கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த அரக்குச் சேலை விற்றுவிட்டதாக மேலே இருந்த பெண் ஒருத்தி சொன்னாள். யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மெஷினில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். சாப்பாட்டு நேரத்தில் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு கீழே வருவாள். “உங்களுக்காச்சும் தைரியம் இருந்துதுக்கா” என்பாள். உனக்கும் வரட்டும் என்பேன். சின்னவர் அதே மாதிரி இன்னொன்றும் வாங்கிவிட்டார்.

அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. வேலை எதுவும் இருந்தால் சூப்பர்வைசர் மூலம் சொல்லி அனுப்புவார். தீபாவளிக்கு எல்லோருக்கும் அவர் கையாலேயே ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சில காலைகளில் இரண்டு பேரும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்வோம். நான் சரக்கு எடுக்க மேலே போவேன், அவர் தன் அறைக்கு. அவர் உடனே செல்போனை எடுத்துக் குனிந்துகொள்வார். நான் குனிய மாட்டேன். கதவு திறக்கும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.