டிரில் மெஷினுக்குச் சக்கரம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், பம்பாய் தாராவியில் என் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து ஒரு பட்டறை நடத்திவந்தேன். கொட்டகை அவருடையது. இரும்பில் துளை போடும் டிரில் மெஷின் என்னுடையது. கையால் சக்கரம் சுற்றி ஓட்டும் வார்ப்பிரும்பு மெஷின், என் உயரத்துக்கு நிற்கும்.

ஒரு நாள் சேட் ஒருவரின் வீட்டு இரும்புக் கேட்டுக்கு மைத்துனர் அளவைத் தப்பாகக் குறித்துக் கொடுத்தார். அந்தக் குறியில்தான் துளை போட்டேன். சேட் வந்து சத்தம் போட்டதும், மைத்துனர் திரும்பி என் கன்னத்தில் அறைந்தார். வேலையாட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சேட் போனதும், "மச்சான், நான் தனியாப் போறேன். என் மெஷினக் குடுத்திரும்" என்றேன்.

"தாராளமாப் போவும் வே. தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போவும்" என்று சிரித்தார். பிறகு வேலையாட்களிடம், "எவனாவது கை குடுத்தா அவனுக்கும் இங்க காம் கிடையாது, வேற வேல தேடிக்கிடட்டும்."

மறுநாளும் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். நான் அடங்கிவிட்டதாக நினைத்தார். நினைக்கட்டும்.

பத்து நாள் கழித்து, "மெஷின் ஆடுது மச்சான், அடியில ஒரு சட்டம் போடணும்" என்றேன். அவர் வேலைக்கும் நல்லதுதானே, சம்மதித்தார். பக்கத்துத் தெரு உலையில் செய்தேன். தலை கனத்த மெஷின், சட்டம் குறுகினால் கவிழ்ந்துவிடும். ஆகவே வாசலின் அகலத்துக்கு இரண்டு விரல் மட்டும் குறைத்து, தரையை ஒட்டித் தாழ்வாக, கனத்த ஆங்கிள் இரும்பில் ரிவெட் அடித்தேன். உள்ளே துறைமுகத்துத் தள்ளுவண்டியின் நான்கு இரும்புச் சக்கரங்கள். மூலைக்கொரு திருகு போல்ட். அதை இறக்கினால் சட்டம் போல்ட்டின் மேல் அசையாமல் நிற்கும், ஏற்றினால் பாரம் சக்கரத்துக்கு வரும். சக்கரம் தெரியாமல் சுற்றிலும் தகரம் அடித்தேன்.

கடப்பாரை போட்டு மெஷினை அதன்மேல் ஏற்றியபோது அவரே தோள் கொடுத்தார். குனிந்து பார்க்கவில்லை. "இப்ப ஆட்டமே இல்ல வே" என்று தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு.

எதிர்க் கொட்டகையை வாடகைக்குப் பேசி முடித்து, அந்தச் சேட் வரும் காலைக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் ஏற்றினேன். வாசல் சாக்கடைமேல் பலகை முன்பே போட்டாகிவிட்டது. தள்ளினேன். மெஷின் கரகரவென்று வாசலைத் தாண்டியது.

"ஏ, என்ன வே பண்ணுதீரு?"

"நீருதான எடுத்துட்டுப் போவச் சொன்னீரு."

சேட் வாய்விட்டுச் சிரித்தார். மைத்துனரின் முகம் கறுத்தது. வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

மெஷினை அவர் வாசலைப் பார்க்கும்படியே நிறுத்தினேன். அந்த மழைக்காலம் முழுக்க அவர் இரும்பைக் கைவண்டியில் ஏற்றி, துளை போட அடுத்த பேட்டையான சயான் வரை நனைந்துகொண்டே போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"அண்ணன் பாவம். போதும்லா?" என்றாள் மனைவி.

"போதாது."

அவர் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கும்வரை ஒரு துளைகூடப் போட்டுத் தரவில்லை. அவள் பல நாள் எனக்குச் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, முகம் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.