மழை வரைந்த தோட்டம்

ஞாயிறு மதியம் 1.10க்கு ராவாங்கிலிருந்து புறப்பட்டோம். பக்கத்துத் தெரு மணியம் அண்ணனின் கார், போக வர வாடகை நூற்றிருபது வெள்ளி. ஒரு நிலவடிவமைப்பாளரின் வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"செடி வைக்கிறதுக்கு எதுக்கு தங்கச்சி படிப்பு? எங்கம்மா படிச்சா வச்சாங்க?"

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டும் வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தார். என் வீட்டு முன்வாசலுக்கு நான் முழுக்கச் சிமெண்டு போட்டவள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2.20. கோலா சிலாங்கூருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது செம்பனைகளுக்கு நடுவே ஒரு மண் பாதை பிரிந்தது. அதன் முடிவில், தூண்களின் மேல் நிற்கும் பழைய கிராணி வீடு. இந்தச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த சவரிமுத்து, நிலவடிவமைப்பு படித்து முடித்துத் திரும்பி வந்து, ஒரு காலத்தில் தோட்டத்து எழுத்தர் இருந்த இந்த வீட்டையே வாங்கினார். மேலே குடித்தனம், கீழே தூண்களுக்கிடையே அலுவலகம். அவர் இறந்து மூன்று ஆண்டுகளாகின்றன. வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டுவது அவர் மனைவி பிலோமினா.

"வாம்மா, நல்ல நாளா பாத்து வந்தே போ" என்றார் ஆண்ட்டி. அழுதழுது கண் வீங்கியிருந்தது.

அலுவலகத்தில் சவரிமுத்துவின் மேசை ஒரு பழைய கதவுப் பலகை. சுவரெல்லாம் அவர் வரைந்த படங்கள்: பூங்கா, பள்ளித் திடல், மருத்துவமனை முற்றம். மரங்களின் நிழலைக்கூட மணிவாரியாக வரைந்திருந்தார். எனக்குக் கை கூப்பத் தோன்றியது. ஆனால் அவருடைய சொந்தத் தோட்டத்தின் வரைபடம் மட்டும் எங்கும் இல்லை.

ஆண்ட்டியின் துக்கமும் அதுதான். வடிகால் இலாகாவினர் தோட்டத்தின் குறுக்கே சிமெண்டு வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். இது திட்டமிட்டு அமைத்த இடம் என்று காட்டினால் வாய்க்காலைச் சுற்றிக் கொண்டுபோகலாமாம். செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார்.

"ஊராருக்கெல்லாம் வரைஞ்சு குடுத்தாரு. இதுக்கு மட்டும் பேப்பர் வேணாம்னுட்டாரும்மா. மழ பேஞ்சு தண்ணி எதுவரைக்கும் வருதுன்னு பாத்துப் பாத்து முளைக்குச்சி அடிச்சாரு. குச்சித் தலையில சாயம், சாதா மழைக்கு வெள்ள, பெரிய மழைக்கு செவப்பு. அந்தக் கோட்ட வச்சுத்தான் எல்லாச் செடியும்."

"அந்தக் குச்சிகளைக் காட்டினாலே போதுமே, ஆண்ட்டி?"

அவர் மூலையைக் கை காட்டினார். இருநூறு குச்சிகள் இருக்கும். மண் போகக் கழுவி, நிறம் பிரித்து, கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அதிகாரி வருகிறாரே என்று நேற்று மாதா கோவில் இளையோர் கோத்தோங் ரோயோங் வைத்து, கூட்டமாகத் துப்புரவு செய்திருக்கிறார்கள். ஆண்ட்டி அடுப்படியில் அவர்களுக்கு மீகூன் சேமியா பிரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய குச்சிகள் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை மாதா கோவில் பிள்ளைகளுக்கும் பொருந்தும்போல. பிடுங்கிய குழிகளையும் மண் போட்டு மூடி, மிதித்துச் சமமாக்கியிருந்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் கோபமாக வந்தது.

3.35. கூரைத் தகரத்தில் மழை விழுந்தது.

"கெளம்பலாம் தங்கச்சி, ரோடு வழுக்கும்" என்றார் மணியம் அண்ணன். ஆண்ட்டி அதைக் கேட்கவில்லை. தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து வெள்ளைக் கட்டைப் பிரித்தார்.

"தண்ணி ஏறுது பாரும்மா! ஏறி நிக்கிற எடந்தான் அவரு போட்ட கோடு. வா, வா!"

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினோம். தண்ணீர் செடிகளுக்கிடையே புகுந்து, ஒரு பெரிய வாழையிலை வடிவில் விரிந்தது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. அந்த விளிம்பில் ஒரு நாணல் வரிசை தொடங்கியது. நனைந்தும் பிழைக்கும் செடிகள் அதற்கு வெளியே, நனைய ஆகாத பலா அதற்கும் அப்பால். ஒன்றுகூடத் தப்பான இடத்தில் இல்லை. விளிம்பு நெடுக ஆண்ட்டியும் நானும் குச்சி ஊன்றினோம். மணியம் அண்ணன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கல்லால் ஒவ்வொன்றாக அடித்து வந்தார். "மனுசன் படிச்சவர்தான் லா" என்றார், யாரும் கேட்காமலேயே.

4.30க்கு மழை விட்டது. மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளைத் தலைகள் தண்ணீரைச் சுற்றி அப்படியே நின்றன. ஆனால் மழை சிவப்புக் கோடு வரை ஏறவில்லை. சிவப்புக் கட்டு மூலையிலேயே கிடந்தது.

"அது பெரிய மழைக்கும்மா. பாதிப் படத்தத்தான் காட்ட முடியும்" என்றார் ஆண்ட்டி.

என் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ராவாங் வரும்போது என் வீட்டுச் சிமெண்டு வாசலில் மழைநீர் போக்கிடமில்லாமல் படிவரை நின்றது. நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, வீட்டில் ஆண்ட்டியின் அழைப்புக்குக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு மேற்கே, கோலா சிலாங்கூர் பக்கம், வானம் கறுத்தது. கொடியில் இரண்டு வாளித் துணி காய்ந்துகொண்டிருந்தது. மழையைத் திட்டியே பழகியவள், அன்று துணியை எடுக்க ஓடவில்லை. நாலு மணிக்கு ஆண்ட்டி அழைத்தார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுதும்மா! தண்ணி வெள்ளக் குச்சியத் தாண்டிருச்சு! ஆபீசரு கால்ல இருந்த சப்பாத்தக் கழட்டிட்டாரு. கையில செவப்புக் குச்சி வச்சிருக்காரு!"