பொன்முடியில் இல்லாத ஏரி

போன மாதம் இதே பக்கத்தில் பொன்முடியைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? மலை உச்சியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குட்டி ஏரி... அதில் மேகம் முகம் பார்க்கிறது... என்றெல்லாம் உருகியிருந்தேன். அச்சில் வந்த பிறகு நானே இரண்டு முறை படித்து மெச்சிக்கொண்டேன்.

ஒரு சின்ன விஷயம். நான் பொன்முடிக்குப் போனதே இல்லை.

சிரிக்காதீர்கள். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது சகஜம். பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லியே இங்கே வலியசாலையில் முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஊட்டிக்கு மூன்று முறை போயாயிற்று! அந்த வாரம் எழுத ஒன்றும் ஓடவில்லை. மைத்துனன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்து எழுதித் தள்ளினேன்.

பத்து நாள் முன்பு ஒரு போன்.

"சாரே, நான் செல்லப்பன். வீடு ஸ்ரீவராகத்துல. உங்க வாசகன். ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் பொன்முடிக்குப் போறோம். நீங்களும் வரணும். அந்த ஏரியை நீங்கதான் காட்டித் தரணும்."

பெருமையாக ஒத்துக்கொண்டேன். பிறகு, ஏரி சரியாக எந்த இடம் என்று மைத்துனனைக் கேட்டேன்.

"ஐயோ அத்திம்பேர்... அது மூணாறு அல்லே! ரெண்டு டூர் படத்தையும் சேர்த்துன்னா அனுப்பினேன்!"

பல்வலி என்றேன். கல்யாணம் என்றேன். செல்லப்பன் விடுவதாக இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு கார் வாசலில் நின்றது. ஓட்டியவர் செல்லப்பன். பின்சீட்டில் அவர் மனைவி தங்கம், மடியில் இட்லிப் பாத்திரத்தோடு.

"நீங்க எழுதினதை மூணு தரம் வாசிச்சேன் சாரே. அந்த ஏரியை நெனச்சு நெனச்சு எனக்கு உறக்கமே இல்ல" என்றார் அந்த அம்மாள்.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். இருபத்திரண்டு! செல்லப்பன் போர்டைப் பார்க்காமலே நம்பர் சொன்னார். எந்த வளைவில் ஹாரன் அடிக்கணும், எங்கே ஒதுங்கணும் – எல்லாம் அத்துப்படி. அதைக் கவனிக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்? ஒரு ஏரியை எப்படி வற்றவைப்பது என்பதே என் கவலை.

உச்சியில் இறங்கினால்... மூடுபனி. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. கடவுளே, காப்பாற்றினாய்!

"அடடா, இன்னிக்குன்னு பார்த்து..." என்று உச்சுக்கொட்டினேன். "அந்தப் பக்கம்தான் ஏரி. தெரிஞ்சா அவ்வளவு அழகா இருக்கும்!" கை தாராளமாக நீண்டது. தங்கம் அந்த வெள்ளையையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிஷம். காற்று அடித்தது. பனி விலகியது.

புல். அப்பால் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் இன்னொரு மலை, அதிலும் புல்.

"பாத்தியா? இப்பவாவது நம்புதியா?" என்று மனைவியிடம் கேட்டார் செல்லப்பன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு வருஷம் இந்த ரூட்ல பஸ் ஓட்டினேன் சாரே. ஏரி இல்லன்னு சொன்னா இவ நம்ப மாட்டேங்கா. அச்சுல வந்திருக்கே, அவரு பொய் எழுதுவாராங்கா. அப்போ நீங்க பஸ்ஸை எங்க கொண்டு போனியன்னு என்னைக் கேக்கா! ஒரு மாசமா வீட்ல எனக்கு மானமில்ல சாரே."

என் முகம் எரிந்தது. "அம்மா, தப்பு என் பேர்ல. நான் இங்க வந்ததே இல்ல. படத்தைப் பார்த்து எழுதிட்டேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை.

செல்லப்பன் கேஸ் ஜெயித்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். தங்கம் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

"செரி. அவரு பாக்காம எழுதிட்டாரு. நீங்க பதினெட்டு வருஷம் பாத்தியளே... ஒரு நாளாவது என்னை அந்த பஸ்ல ஏத்திட்டு வந்தியளா?"

செல்லப்பன், "பிள்ளைக... ஸ்கூலு..." என்று இழுத்தார். எனக்கு உள்ளூர ஒரு சின்ன ஆறுதல். மாட்டிக்கொண்டது நான் மட்டும் இல்லையே!

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மா ஏன் சாரே வரல?"

இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் மனைவி கண்ணில் படாமல் ஒளித்து வைக்கப் போகிறேன்.