வரவேற்பு மக்கான்

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் கொக்கி 'டிக்' என்று பூட்டும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. மனம் மலேசியாவின் பாசிர் கூடாங்கில் இருந்த அந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ஓடிவிடுகிறது.

ஆலைப் புகையும் தே தாரிக் தேநீரின் ஆவியும் கலந்த காலை அது. இரவு ஷிப்ட் முடித்து வந்த சூப்பர்வைசர் அக்கா என் எதிரே உட்கார்ந்திருந்தார். தூங்காத கண்கள், நேராக நிமிர்ந்த முதுகு. மடியிலிருந்த ஹெல்மெட்டின் கொக்கியை விரல்கள் பூட்டின, கழற்றின, மறுபடி பூட்டின.

"நாளைக்கு ஐம்பது பிரியாணியா? மேனேஜர் ஆயிட்டீங்களாக்கா?" என்று கடைக்கார பாய் சிரித்தார்.

"நான் எங்க ஆவறது? புது மேனேஜருக்கு வரவேற்பு மக்கான், விருந்து கொடுக்கறாங்க. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவருதான்."

"உங்களுக்கு ஏன் கொடுக்கல?" நான் கேட்டுவிட்டேன்.

"ராத்திரி மெஷின் நின்னா, பிள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு வருவீங்கன்னு இன்டர்வியூல கேட்டாங்க. இத்தனை வருஷமா ஓடித்தானே வந்தேன்? அவருக்கும் பிள்ளைங்க இருக்கு. அவரக் கேக்கல லா."

"அப்ப சாப்பாடு மட்டும் ஏன் நீங்க சொல்றீங்க?"

"பொம்பளைக்குத்தான் சாப்பாட்டு விஷயம் தெரியுமாம். தலையில கட்டிட்டாங்க."

அவர் சிரித்தார்.

எழுந்துபோய் மோட்டாரில் ஏறி, ஹெல்மெட்டை மாட்டினார். டிக்.

"அக்கா, எத்தனை மணிக்குக் கொண்டு வரணும்? யாரு பரிமாறுவா?" பாய் உள்ளிருந்து கத்தினார்.

"புது மேனேஜரையே கேளுங்க, பாய். நாளைக்கு நான் லீவு. வீட்டுல பிள்ளைங்கள யாரு பாத்துக்குவா?"